அலகைப் பார்க்காதீர்கள், கிரீடத்தைப் பாருங்கள்: ஸ்பானியக் கடற்படை உடைவாள்களை அறிய ஒரு வழிகாட்டி

தமிழில் உடைவாள் என்றொரு நல்ல சொல் இருக்கிறது. இடுப்புக் கச்சையில் உடையோடு உடையாகச் செருகிக்கொள்ளும் வாள். ஸ்பானியக் கடற்படை அதிகாரிகள் அணிவகுப்புக்கும் அரச விருந்துக்கும் கட்டிக்கொண்டு போன வாளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அது பாதி ஆயுதம், முக்கால்வாசி உடை. கணக்கு இடிக்கிறதே என்றால், இடிக்கத்தான் செய்யும். அந்த வாள்களே அப்படித்தான்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர் கையில் ஒரு வாளைக் கொடுத்தால், உடனே உறையிலிருந்து உருவி, கூர்மை இருக்கிறதா என்று கட்டைவிரலை வைத்துப் பார்ப்பார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வேலை நிமித்தம் ஸ்பெயினில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு கிழவர் "அட்மிரல் வாள்" என்று விற்ற ஒன்றை, அலகின் பளபளப்பில் மயங்கி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியால் பார்த்தபோது எங்கேயும் நங்கூரம் இல்லை. யாரோ ஓர் அரசு அதிகாரி விழாவுக்குக் கட்டிய வாள் அது. கடலையே பார்த்திருக்காது. அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: உடைவாளை உடையைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். பொத்தானில் என்ன சின்னம், சரிகை எந்தக் காலத்துத் தையல் என்று பார்ப்போமே, அந்தக் கண்ணோடு.

முதலில்: எந்த வகை?

ஸ்பானிய மொழியில் மூன்று சொற்கள் உங்களுக்குப் போதும். எஸ்பாதா என்றால் பொதுவாக வாள், பெரும்பாலும் நேரான அலகு. எஸ்பதீன் என்றால் அதன் மெலிந்த தம்பி, விழாக்கால வாள். சாப்லே என்றால் வளைந்த வாள்.

18ஆம் நூற்றாண்டின் கடற்படை அதிகாரி கனவானும்கூட. 1717இல் கடற்படை நிர்வாகத்தைக் கவனித்த ஹோசே பத்தீன்யோ காதிஸ் நகரில் தொடங்கிய குவார்தியாஸ் மரீனாஸ் என்ற பயிற்சிப் படையில் சேர, இளைஞன் உயர்குடிப் பிறப்பைக் காட்டியாக வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இடுப்பில் தொங்கியது, அக்கால ஐரோப்பியக் கனவான்கள் எல்லோரும் கட்டிய மெல்லிய குத்துவாள்தான். அலகு பெரும்பாலும் முக்கோண வெட்டுமுகம் கொண்டது, மூன்று பக்கமும் உள்வாங்கிக் குழிந்தது. வெட்ட உதவாது, குத்த மட்டுமே. எதிரிக் கப்பலில் ஏறிச் சண்டையிடும்போது இதை நம்பிப் போனால் உயிர் தங்காது. அந்த வேலைக்குக் கனமான வாள்கள் தனியாக இருந்தன.

இந்தக் குத்துவாளில் ஒரு சின்ன விஷயம் காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கைப்பிடிக்கும் சிப்பி வடிவக் காப்புத் தட்டுக்கும் நடுவே இரண்டு சிறு வளையங்கள் இருக்கும். முற்காலத்தில் அவற்றுக்குள் விரலை நுழைத்துப் பிடித்தார்கள். 18ஆம் நூற்றாண்டு போகப்போக வளையங்கள் சுருங்கின. நூற்றாண்டின் கடைசியில் குழந்தையின் விரல்கூட நுழையாத வெறும் அலங்காரமாகிவிட்டன. சட்டைக் கைமடிப்பில் எதையும் பூட்டாமல் வரிசையாகத் தைத்த பொத்தான் மாதிரி.

19ஆம் நூற்றாண்டில் வளைந்த சாப்லேவும், லேசாக வளைந்த அல்லது நேரான, அகலமான காப்புக் கொண்ட வாள்களும் வந்தன. இந்த மாற்றத்தில் பிரான்சின் செல்வாக்கு கணிசம். எஸ்பதீன் அடியோடு மறையவில்லை. விழாவுக்கும் சீருடைக்கும் உரியதாகத் தங்கிவிட்டது. தூதர்களும் அரசு உயர் அலுவலர்களும்கூட அதைக் கட்டினார்கள். நான் ஏமாந்தது இங்கேதான்.

அடுத்தது: நங்கூரமும் அதன் மேல் கிரீடமும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

காப்புத் தட்டு, பிடியின் உச்சியில் இருக்கும் குமிழ், உறையின் வாய்ப்பட்டை, இடுப்புப் பட்டையின் கொளுவி, அலகின் அடிப்பகுதி ஆகிய ஐந்து இடங்களில் நங்கூரத்தைத் தேடுங்கள். ஓரிடத்திலும் இல்லையென்றால், கடற்படை வாள் என்று சொல்பவரிடம் வேறு சான்று கேளுங்கள். இருந்தால் அடுத்த கேள்வி, எந்த நாட்டு நங்கூரம்?

நங்கூரத்தை வாளில் பொறிக்காத கடற்படை அரிது. பிரிட்டிஷ் அதிகாரிகளின் 1827 மாதிரி வாளில் கிரீடமும் கயிறு சுற்றிய நங்கூரமும் உண்டு. ஆனால் குமிழ் சிங்கத்தலை, பிடி வெள்ளை மீன்தோல். அமெரிக்க வாளில் கழுகு இருக்கும், கிரீடம் இருக்காது. ஸ்பெயினிலிருந்து பிரிந்த லத்தீன் அமெரிக்கக் குடியரசுகளும் ஐரோப்பாவிலேயே வாள் செய்வித்தன. பார்வைக்கு அவை ஸ்பானிய வாளின் உடன்பிறப்புபோல இருக்கும். குடியரசு என்பதால் கிரீடம் மட்டும் இருக்காது.

ஸ்பெயினின் முழு அரசுச் சின்னம் பொறித்த வாளென்றால் வேலை சுலபம். ஸ்பெயினின் பழைய அரசுகளில் காஸ்தீலுக்குக் கோட்டை, லியோனுக்குச் சிங்கம், கேடயத்தின் அடியில் கிரனாதாவுக்கு ஒரு மாதுளம்பழம். நான் முதலில் தேடுவது அந்த மாதுளையைத்தான், ஏனெனில் கொலம்பியாவை விட்டால் வேறு நாட்டுச் சின்னத்தில் அதை அநேகமாகப் பார்க்க முடியாது. நடுவில் சிறு வட்டத்துக்குள் மூன்று லில்லிப் பூக்கள் இருந்தால் போர்பன் அரச குலம். இருபக்கமும் தூண்கள் நின்றால் அவை ஹெர்குலிஸின் தூண்கள். அவற்றைச் சுற்றிய நாடாவில் "இன்னும் அப்பால்" என்று பொருள்படும் லத்தீன் வாசகம் இருக்கும்.

இனி இந்தச் சின்னத்தை வைத்துக் காலத்தைக் கணிக்கலாம். ஸ்பெயினின் 19ஆம் நூற்றாண்டு ஆட்சி மாற்றங்களால் அல்லாடியது. ஆட்சியில் இருந்தவர்களுக்குத் தலைவலி, சேகரிப்பவர்களுக்கு யோகம். ஒவ்வொரு மாற்றமும் சின்னத்தில் தடம் விட்டுப் போயிருக்கிறது.

1868இல் அரசி இரண்டாம் இசபெல் நாட்டைவிட்டு ஓடினார். வந்த தற்காலிக அரசு அரச கிரீடத்தை எடுத்துவிட்டு, கோட்டை மதில்போன்ற மதில் கிரீடத்தை வைத்தது. 1871இல் இத்தாலியின் சவோய் குலத்திலிருந்து அமதேயோ அரசரானார். அரச கிரீடம் திரும்பியது, ஆனால் நடுவே லில்லிப் பூக்களின் இடத்தில் சவோயின் சிலுவை. இரண்டே ஆண்டுகளில் அவரும் முடி துறந்தார். 1873இல் முதல் குடியரசு, மறுபடி மதில் கிரீடம். 1874 இறுதியில் போர்பன்கள் மீண்டார்கள், லில்லிப் பூவும் மீண்டது. 1931இல் இரண்டாம் குடியரசு, மூன்றாம் முறையாக மதில் கிரீடம். சர்வாதிகாரி பிராங்கோ காலச் சின்னத்தில் கேடயத்தின் பின்னால் ஒரு கழுகு சிறகு விரித்து நிற்கும். இன்றைய சின்னம் 1981இல் சட்டமானது.

ஆக, அமதேயோவின் சிலுவை பொறித்த வாள் என்றால் ஆண்டு 1871க்கும் 1873க்கும் இடையே. ரசாயனச் சோதனை ஏதுமில்லாமல், வெறும் கண்ணால் இவ்வளவு துல்லியம் வேறு எங்கே கிடைக்கும்? மதில் கிரீடம் மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். 1868, 1873, 1931 மூன்றுக்கும் அது பொது. பிடியின் பாணியையும் பூச்சையும் பார்த்துத்தான் நூற்றாண்டைப் பிரிக்க வேண்டும்.

சில வாள்களில் அரசரின் பெயரெழுத்தும் எண்ணும் பின்னிய முத்திரை இருக்கும். நான்காம் கார்லோஸ் 1788 முதல் 1808 வரை, இரண்டாம் இசபெல் 1833 முதல் 1868 வரை, பன்னிரண்டாம் அல்போன்சோ 1874 முதல் 1885 வரை. இந்த ஆட்சிக்காலப் பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் நின்றுகொண்டு கைப்பேசியில் தேடினால் வியாபாரி விலையை ஏற்றிவிடுவார்.

பிடியும் பொன்பூச்சும்

பிடியின் உட்பகுதி பெரும்பாலும் மரம். மேலே திருக்கைமீன் தோல், கொம்பு, முத்துச்சிப்பி, தந்தம், அல்லது முறுக்கிய கம்பிச் சுற்று. உலோகப் பகுதிகள் பொதுவாகப் பொன் பூசிய பித்தளை. பூச்சைக் கவனியுங்கள். 1840களுக்கு முன்பு பாதரசத்தில் பொன்னைக் கரைத்துப் பூசி, சூடுகாட்டிப் பாதரசத்தை ஆவியாக்கினார்கள். அந்தப் பூச்சு தடிமனானது, வெண்ணெய்போல மங்கலான மஞ்சள். செய்தவர்களின் நுரையீரலும் நரம்பும் அதற்கு விலை கொடுத்தன. 1840இல் மின்முலாம் பூசும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வந்தபின் மெல்லிய, சீரான, சற்றே பகட்டான பளபளப்பு வந்துவிட்டது. நான்காம் கார்லோஸ் காலத்து வாள் என்று சொல்லி, எல்லா மூலைமுடுக்கிலும் ஒரே சீராக மின்னும் ஒன்றைக் காட்டினால், பின்னாளில் மறுபூச்சு செய்ததாகவாவது இருக்க வேண்டும்.

கை படும் இடங்களில் பூச்சு தேய்ந்திருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். விரல் படும் வளைவில் பொன் அப்படியே இருந்து, யாரும் தொடாத அடிப்பக்கத்தில் தேய்ந்திருந்தால், அந்தத் தேய்மானம் பட்டறையில் பிறந்தது.

இப்போதுதான் அலகு

அலகில் டொலேடோ என்ற, வாளுக்குப் பேர்போன ஸ்பானிய நகரத்தின் பெயரைக் கண்டதும் நெஞ்சு படபடக்கும். படபடக்கட்டும், பணப்பையை மட்டும் திறக்க வேண்டாம். டொலேடோவின் அரசு வாள் தொழிற்சாலை மூன்றாம் கார்லோஸ் காலத்தில், 1761இல் தொடங்கியது. தாஹோ ஆற்றங்கரையில் அதற்கென்று எழுந்த பெரிய கட்டிடம் சபாத்தினி என்ற இத்தாலியக் கட்டிடக் கலைஞரின் வேலை. இன்று அது பல்கலைக்கழக வளாகம்.

19ஆம் நூற்றாண்டு அலகுகளில் தொழிற்சாலைப் பெயரும் ஆண்டும் அமிலத்தால் அரித்து எழுதப்பட்டிருக்கும். அதில் "அர்த்தில்யெரியா" என்ற சொல்லும் பல நேரம் வரும். பீரங்கிப் படை என்று பொருள். புதியவர்கள் இதைக் கண்டு, இது பீரங்கிப்படை அதிகாரியின் வாள், கடற்படை வாள் இல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். தொழிற்சாலையை நடத்தியதே பீரங்கிப் படைப்பிரிவுதான்; அதனால் அந்தப் பெயர். செய்தவர் யார் என்பதையே அது சொல்கிறது, கட்டியவர் யார் என்பதை இல்லை. இந்த ஒரு தவறால் நல்ல கடற்படை வாள் மலிவு விலைக் கூடையில் கிடப்பதும் உண்டு. உங்களுக்கு அது அதிர்ஷ்டம்.

இன்னொரு சிக்கல்: ஆண்டு அலகுக்கு உரியது, வாளுக்கு உரியது என்று கொள்ள முடியாது. அப்பாவின் அலகை மகன் புதிய விதிப்படியான பிடியில் பொருத்திக்கொண்டது ஐரோப்பா முழுக்க வழக்கம். பழைய நகையை அழித்துப் புது மோஸ்தரில் செய்துகொள்வதுபோல. அலகில் 18ஆம் நூற்றாண்டு, பிடியில் 19ஆம் நூற்றாண்டு என்றால் உடனே மோசடி என்று கத்தாதீர்கள். குமிழின் உச்சியில் அலகின் வால், அதாவது பிடிக்குள் ஓடும் மெல்லிய நீட்சி, வந்து அடித்துப் பரப்பப்பட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். பழைய அழுக்கோடு இறுகியிருந்தால் பழைய பொருத்தல். புதுச் சுத்தியல் தடமும் பளிச்சென்ற உலோகமும் தெரிந்தால், யாரோ அண்மையில் இரண்டு வாள்களை ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

டொலேடோ பெயர் இல்லாவிட்டாலும் வாள் தாழ்ந்ததாகிவிடாது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரம் உலகத்துக்கே அலகு ஏற்றுமதி செய்தது, ஸ்பெயின் உட்பட.

போலிகளைப் பற்றிச் சுருக்கமாக. துருப்பிடிக்காத எஃகு 1913 வாக்கில்தான் பயனுக்கு வந்தது. ஆகவே அப்படிப்பட்ட அலகு கொண்ட, 1805 கடற்போரின் பெயர் சொல்லும் "திரஃபல்கார் வாள்" சுற்றுலாக் கடைச் சரக்கு. "ஸ்பெயினில் செய்தது" என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது ஏற்றுமதிக்கானது. ஸ்பானிய அட்மிரல் தன் வாளில் எதற்கு ஆங்கிலத்தில் முகவரி எழுதுவார்?

உறை, குஞ்சம்

கடல் காற்றில் எஃகு உறை துருப்பிடிக்கும் என்பதால் கடற்படை உறைகள் பெரும்பாலும் கறுப்புத் தோலும் பொன்பூசிய பித்தளைப் பட்டைகளும்தான். எஃகு உறையோடு வரும் வாளைத் தரைப்படை வாளாகச் சந்தேகியுங்கள். தோல் உறை காலப்போக்கில் சுருங்கும். அதனால் அலகு இரண்டு விரற்கடை வெளியே நிற்கலாம். அது இயல்பு. கைப்பிடியில் தொங்கும் பொன் சரிகைக் குஞ்சம் அபூர்வமாகவே பிழைத்திருக்கும், இருந்தால் கொண்டாடுங்கள்.

கூடவே வரும் கதையை எடைபோடுவது

இந்த வாள்களோடு எப்போதும் ஒரு கதை வரும், பெரும்பாலும் சரணடைந்த கதை. உண்மையான இரண்டைச் சொல்கிறேன்.

1797 பிப்ரவரி 14, சான் விசென்தே முனைப் போர். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் இரண்டு ஸ்பானியக் கப்பல்களில் அடுத்தடுத்து ஏறிப் பிடித்தார். சான் ஹோசே கப்பலின் மேல்தளத்தில் ஸ்பானிய அதிகாரிகள் ஒவ்வொருவராக வாளை நீட்ட, நெல்சன் வாங்கித் தன் படகோட்டி வில்லியம் ஃபியர்னியிடம் கொடுக்க, அவர் சுள்ளிக் கட்டைப்போல அக்குளில் இடுக்கிக்கொண்டார். அந்தக் கப்பலில் மாண்ட ரியர் அட்மிரல் வின்ட்ஹுய்சனின் வாளை நெல்சன் தன் சொந்த மாவட்டத் தலைநகரான நோரிச்சுக்குப் பரிசளித்தார்.

1898 ஜூலை 3, கியூபாவின் சாந்தியாகோ. அமெரிக்காவோடு நடந்த போரில் ஸ்பெயினின் விஸ்காயா கப்பல் கரைதட்டி எரிந்துகொண்டிருக்க, காயம்பட்ட கேப்டன் அந்தோனியோ எயுலாதேவை அமெரிக்கக் கப்பலான அயோவாவில் ஏற்றினார்கள். அவர் வாளைக் கழற்றி முத்தமிட்டு, கேப்டன் ராப்லி எவன்ஸிடம் நீட்டினார். எவன்ஸ் வாங்க மறுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்த இரண்டு கதைகளுக்கும் கப்பல், நாள், கொடுத்தவர், வாங்கியவர் எல்லாம் எழுத்தில் உண்டு. வியாபாரி சொல்லும் கதையிடமும் இந்த நான்கையும் கேளுங்கள். கடிதம், ஏலப் பட்டியல், குடும்ப நிழற்படம் எதுவுமில்லாமல் வெறும் வாய்வார்த்தையென்றால், கதையை ரசித்துக் கேட்டுவிட்டு வாளுக்கு மட்டும் விலை பேசுங்கள்.

கண்ணைப் பழக்குவது

வாங்கும் முன் குறைந்தது ஓராண்டு பாருங்கள். மாட்ரிட்டின் கடற்படை அருங்காட்சியகம் 1843இல் திறக்கப்பட்டது; இப்போது பிராதோ நெடுஞ்சாலையில் இருக்கிறது. அங்கே வாள் பெட்டிகளுக்கு முன்பு ஓவியங்களுக்குப் போங்கள் என்பது என் வற்புறுத்தல். அதிகாரிகளின் உருவப்படங்களில் மேலங்கி மடிப்புக்குக் கீழே வாளின் பிடி மட்டும் எட்டிப் பார்க்கும். யார், எந்தப் பதவி, எந்தக் காலம் என்று படத்தோடு குறிப்பும் இருக்கும். இடுப்பில் எந்த உயரத்தில் தொங்கியது, குஞ்சம் எப்படிச் சுற்றப்பட்டது என்பதெல்லாம் கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் வாள் சொல்லாது. டொலேடோவின் அல்காசார் கோட்டையில் உள்ள தரைப்படை அருங்காட்சியகத்தையும் பாருங்கள். எது கடற்படை வாள் இல்லை என்று கற்க அது உதவும். போக முடியாதவர்களுக்கு, லண்டன் கிரீனிச்சின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் தன் வாள் சேகரிப்பைப் படங்களோடு இணையத்தில் வைத்திருக்கிறது.

சட்டம்

ஸ்பெயினில் நூறாண்டு கடந்த பொருளை நாட்டுக்கு வெளியே எடுத்துச்செல்ல 1985ஆம் ஆண்டின் பாரம்பரியச் சொத்துச் சட்டப்படி அனுமதி வேண்டும். இந்தியாவுக்குள் கொண்டுவர 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் குறுக்கே நிற்கும். வாங்கிய பிறகு சுங்கத்தில் கெஞ்சுவதைவிட, முன்பே உரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பிடி தந்தமென்றால் அந்த வாளை மறந்துவிடுவது நல்லது. பல நாடுகளில் தந்த வணிகமே குற்றம், இந்தியாவிலும்.

வீட்டுக்கு வந்த வாளைப் பேணுவது

நம் வீடுகளில் பித்தளையைக் கண்டால் கை தானாகப் புளியைத் தேடும். குத்துவிளக்குக்குச் சரி. இந்த வாளின் பிடியில் புளியோ எலுமிச்சையோ கடையில் விற்கும் பாலிஷோ பட்டால், இருநூறு ஆண்டு நின்ற பொன்பூச்சு ஒரு மாலையில் போய்விடும். மென்மையான பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும். பச்சைக் களிம்பு படிந்திருந்தால் மூங்கில் குச்சியின் முனையால் மெல்லச் சுரண்டுங்கள். உலோகம் எதுவும் வேண்டாம்.

அலகில் நீலப் பூச்சும் பொன் சித்திரமும் இருந்தால் தேய்க்கவே கூடாது. வெறும் எஃகானால் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, அல்லது அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். சிக்குப் பிடித்து எஃகை அரிக்கும். விரலின் வியர்வையே போதும் துரு பிடிக்க, எனவே நைட்ரைல் கையுறை போடுங்கள். உருவும்போது உறையை வாய்ப்பட்டைக்குச் சற்றுக் கீழே பிடித்து, கூர்விளிம்பு மேலே இருக்கும்படி மெதுவாக இழுங்கள். சிக்கினால் விட்டுவிடுங்கள், பலம் காட்டினால் தையல் பிரியும்.

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஊர்களில் வாளை உறைக்குள் வைத்துப் பூட்டக் கூடாது. தோல் ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்டவைத்துக்கொள்ளும், தோலைப் பதனிடப் பயன்பட்ட அமிலம் மிச்ச வேலையைப் பார்க்கும். வாள் தனியாக, உறை தனியாக, நடுவில் சிலிக்கா ஜெல் பொட்டலம். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பொட்டலத்தை மாற்றுங்கள். குஞ்சத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் துவைக்காதீர்கள். சரிகை கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும்.